நாற்பத்தெட்டு வீட்டு வயிற்றுவலி

துளசிமணியின் கைவலியை நாற்பத்தெட்டு வீடுகள் பங்கு போட்டுக்கொண்ட அந்த வருஷத்தில், கோயமுத்தூருக்கு வடக்கே மலையைப் பார்த்து நின்ற பொன்னூத்து குடியிருப்பில், யாருக்கும் எந்த வலியும் முழுசாக இருந்ததில்லை, யாரும் வலியே இல்லாமலும் இருந்ததில்லை. காலையில் எழுந்தால் முழங்காலில் ஒரு பொட்டு, கடைவாய்ப் பல்லில் ஒரு பொட்டு, நெற்றிப்பொட்டில் ஒரு பொட்டு என்று கொசு கடித்த மாதிரி ஏழெட்டு வலிகள் இருக்கும். அவை யார் யாருடையவை என்று கேட்காமல், ஊரோடு ஒத்து வாழ்கிறவர்கள் எதையும் கேட்காத மாதிரி, அவரவர் பல் துலக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

அந்தக் குடியிருப்பின் குழாய்கள் செம்பால் ஆனவை. கட்டியவர்கள் அச்சிட்டுக் கொடுத்த புத்தகத்தின் அட்டையில் ஒரு செம்புக் குடமும், அதன் கீழே 'நம் முன்னோர் குடித்த செம்புத் தண்ணீர் இனி உங்கள் குழாயிலேயே' என்ற வரியும் இருந்தன. அந்த ஒரு வரிக்காகவே அங்கே வீடு வாங்கியவர் திருமூர்த்தி. ஒரு பம்ப் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றியவர். மனிதர்களை விடச் செம்பை அதிகம் நம்பினார். அதனால் குடியிருப்போர் சங்கத்தில் தண்ணீர்ப் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மேல்தொட்டி, மோட்டார், வால்வுகள், அவற்றின் சாவிக்கொத்து எல்லாம் அவர் இடுப்பில் இருந்தன.

இரண்டாம் வருஷம் எல்லாக் குழாய்களுக்கும் அடியில் நீலப்பச்சையாக ஒரு கறை இறங்கியது. செம்பில் களிம்பு ஏறிவிட்டது என்றார் திருமூர்த்தி. களிம்புக்குப் புளி என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போகிக்கு முந்திய வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வீடு விளக்கையும் குடத்தையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, குழாயின் உள்ளே யார் கையை விட்டுத் தேய்ப்பது என்று யோசித்தவருக்கு ஒரு வழி தோன்றியது. பன்னிரண்டு கிலோ பழம்புளியை ஊறவைத்துக் கரைத்து, சாப்பிட்டுவிட்டுக் குடியிருப்பே கண் அயர்ந்திருந்த மத்தியான நேரத்தில், யாருக்கும் சொல்லாமல் மேல்தொட்டியில் ஊற்றினார்.

ஒரு மணி நேரத்தில் தொட்டியைத் திறந்து காலி செய்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. வால்வில் கையும் வைத்துவிட்டார். ஆனால் தொள்ளாயிரம் அடி ஆழத்திலிருந்து வந்த தண்ணீர், மழை பொய்த்த வருஷம், இருபதாயிரம் லிட்டர். அதைச் சாக்கடையில் விடக் கைக்கு மனசு வரவில்லை. ஊறட்டும் என்று கீழே இறங்கி வந்தார். புளியால் செம்பைத் தேய்க்கலாம், செம்புக்குள் புளியை வைக்கக் கூடாது என்று அந்தக் குடியிருப்பில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். அவர் யாரையும் கேட்கவில்லை.

பொங்கல் முடிந்த நாலாம் நாள் அது நடந்தது. திருமூர்த்தியின் மனைவி துளசிமணிக்குப் பதினோரு வருஷமாக முடக்குவாதம். விரல்கள் இஞ்சிக் கிழங்கு போலத் திருகிக்கொண்டு, சட்டைப் பொத்தான் போடுவதற்குக் கூடக் கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அன்று படியேறும்போது தடுமாறியவளை மூன்றாம் மாடி லூர்து டீச்சர் கையைப் பிடித்துத் தாங்கினார். தாங்கியவர், "ஐயோ மாதாவே!" என்று அலறிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துளசிமணியோ தன் வலது கையை முகத்துக்கு நேரே பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், உங்க கடைவாய்ப் பல்லு சொத்தைங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப எனக்குத்தானுங்களே வலிக்குது, பாதி."

இப்படித்தான் தெரிய வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் கையோடு கை கோர்த்தால், செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடுகிற மாதிரி வலி ஓடியது, சூடும் குளிரும் ஓடின, நாக்கின் ருசிகூட ஓடியது. கையை விட்ட பிறகும் அவரவர் பங்கு அவரவரிடம் தங்கி, மறுநாள் பொழுது சாயும்போதுதான் வலி பழையபடி உரியவரிடம் முளைத்தது. சங்கத் தலைவர் வரதராஜுலு, தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் எழுத்தில் வைத்தால்தான் நடந்ததாக ஒப்புக்கொள்கிறவர், இதைச் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பில் மூன்றாவது பொருளாக, லிஃப்ட் பராமரிப்புக்கும் நாய்த் தொல்லைக்கும் இடையில் எழுதினார்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கார் நிறுத்தும் இடத்தில் எல்லோரும் வட்டமாக நின்று கால் மணி நேரம் கை கோர்ப்பது என்று முடிவாயிற்று. முதல் வாரம் கூச்சப்பட்டார்கள். இரண்டாம் வாரம் பழகிப் போயிற்று. மூன்றாம் வாரம் சண்டை வந்தது. லூர்து டீச்சர் பல் வைத்தியரிடமே போகாமல் தன் சொத்தைப் பல்லை நூறு பேர் வாயில் வைத்துவிட்டு நிம்மதியாக முறுக்குக் கடிக்கிறார் என்று புகார் வந்ததால், பல்வலி மூன்று நாளுக்கு மேல் வட்டத்தில் ஏற்கப்படாது என்று விதி செய்தார்கள். மாதத்தில் சில நாள் ஆண்களில் பலர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னார்கள். "இதையா மாசாமாசம் வெச்சுட்டுச் சோறாக்கிப் போட்டீங்க?" என்று ஒரு கணவன் கேட்க, "சோறு மட்டுமா ஆக்குனேன், உங்க சட்டைக்கு இஸ்திரி போட்டது ஆரு?" என்று அவன் மனைவி கேட்டது நாலு மாடிக்கும் கேட்டது. சர்க்கரை வியாதிக்காரர்கள் மைசூர்பாகு தின்கிறவர்களைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் நின்றார்கள். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களோடு கை கோர்க்க மாட்டோம் என்று இரண்டாம் மாடியில் நாலு வீடு கொடி பிடித்தது. ரம்ஜான் மாதத்தில், நோன்பு திறக்கும் முன்பு அடுத்தவர் நாக்கின் ருசி தன் நாக்குக்கு வந்தால் நோன்பு முறியுமா என்று மூன்றாம் மாடி ரெஹானா தன் கணவனைப் பள்ளிவாசலில் கேட்டு வரச் சொன்னாள். வயிற்றுக்குள் போகாதவரை முறியாது, ஆனாலும் வட்டத்தைத் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமே என்று ஹஜ்ரத் சொன்னதை ஏற்று, அந்த மாதம் முழுக்க வட்டம் முக்கால் மணி தள்ளி நடந்தது.

வெளியாட்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெங்களூரிலிருந்து வந்த பிள்ளைகள் கேன் தண்ணீர் குடித்துவிட்டு வட்டத்தில் நின்றால், ஒரு பக்கத்திலிருந்து ஓடி வந்த வலி அவர்களைத் தாண்டாமல் திரும்பிப் போயிற்று. "பிளாஸ்டிக் மாதிரி நிக்கறான் பாரு," என்று சொந்தத் தாயே சிரித்தாள்.

துளசிமணி கோலம் போட்டாள். பூண்டு உரித்தாள். ஒரு நாள் திருமூர்த்தி சட்டை மாட்டிக்கொண்டு நின்றபோது, அவர் கேட்காமலே வந்து, கழுத்திலிருந்து கீழே ஒவ்வொரு பொத்தானாக அவளே போட்டுவிட்டாள்.

மாசி மாதம் அந்த ஓட்டம் மங்கத் தொடங்கியது. கை கோர்த்தால் சூடு மட்டும் வந்தது, வலி பாதி வழியில் நின்றது. ஒரு காலையில் துளசிமணியின் கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவி விழுந்து உருண்டது. அவளே குனிந்து துடைத்தாள். அன்று மத்தியானம் திருமூர்த்தி சந்தைக்குப் போய்ப் பன்னிரண்டு கிலோ பழம்புளி வாங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் வாங்கினார்.

இது சரியா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. கேட்டுக்கொண்டார், கேட்கும்போதே பதிலும் தயாராக இருந்தது, அதுதான் அவரைப் பிறகு அதிகம் உறுத்தியது. சங்க அறையின் கண்ணாடித் தொட்டியில் மீன்கள் செத்து மிதந்தபோது வெயில் என்றார். தொட்டிகளில் கறிவேப்பிலைச் செடி கருகியபோது உப்பு என்றார். அவருடைய நரைத்த கிருதா பாசி படிந்தது போலப் பச்சையானபோது கண்ணாடி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். தண்ணீர் காசை நக்கினது போல ருசித்ததும், காலையில் சிலருக்கு வயிற்றைப் புரட்டியதும் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்ததால் யாரிடமும் இல்லாத மாதிரி இருந்தது. இரவெல்லாம் குழாயில் தங்கிக் காலையில் திறந்ததும் வருகிற முதல் தண்ணீரில்தான் சக்தி அதிகம் என்று கண்டுபிடித்து, அதற்கு வீட்டுக்கு வீடு போட்டி வந்து, கடைசியில் வரதராஜுலு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். முதல் தண்ணீர் வீட்டில் இருக்கிற சின்னக் குழந்தைக்கு. எல்லோரும் கை தட்டினார்கள்.

குடியிருப்பிலேயே சின்னக் குழந்தை ரெஹானாவின் மகள் ஜைனப். ஏழு மாதம். அந்தக் குழந்தை அழுது யாரும் கேட்டதில்லை. 'அழாத பாப்பா' என்று பக்கத்துத் தெருவரை பேர். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருக்கும், எல்லோரையும் பார்த்துப் பொக்கை வாயால் சிரிக்கும், தரையில் விட ஆளில்லை. ரெஹானாவின் கணவன் கண்ணாடிக் கடையிலிருந்து வரும் வரை அவளுக்கு உதவி என்று பார்த்தால் நாற்பத்தெட்டு வீடும் உதவிதான். குழந்தை கொஞ்சம் மெலிந்த மாதிரி இருக்கிறதே என்று யாரோ ஒருமுறை சொன்னதற்கு, "ஓடியாடப் போற வயசு, அப்படித்தான் இருக்கும்," என்று இன்னொருவர் சொன்னார்.

ஆனி மாதம் வட்டத்தில் புதிதாக ஒரு வலி வந்தது. தொப்புளைச் சுற்றிச் சுருட்டிப் பிடித்து, ஒரு குமட்டலோடு விடுகிற வலி. நூறு பங்கில் ஒரு பங்குதான் என்றாலும், இதுவரை யாரிடமும் பார்த்திராத வலி. யாருடையது என்று கேட்டார்கள். யாரும் என்னுடையது என்று சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அறிவிப்புப் பலகையில் வரதராஜுலுவின் கையெழுத்தோடு ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது: 'கடந்த சில நாட்களாகக் குடியிருப்பில் வயிற்றுவலி ஒன்று காணப்படுகிறது. உரியவர் சங்க அலுவலகத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.' ஒரு வாரம் ஆகியும் உரியவர் வரவில்லை. யாரோ அல்சர்காரர் வெட்கப்பட்டு மறைக்கிறார் என்றார்கள். வலி நாளுக்கு நாள் கனத்தது.

திருமூர்த்திக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது. மோட்டார் சுருளில் பழுது இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. சுருளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றாக விளக்கு வைத்துச் சோதிக்க வேண்டும்.

"தலைவருங்க, இதையும் அப்படியே பார்த்துப்போடலாமுங்க," என்றார். "தெனமும் ஒரு மாடிக்காரங்க வட்டத்துல சேராம அக்கட்டால நிக்கட்டும். என்னைக்கு வலி வரலையோ, அன்னைக்கு வெளியில நின்னவங்ககிட்ட இருக்குது அது."

முதல் நாள் தரைத்தளம் விலகி நின்றது. வலி வந்தது. இரண்டாம் நாள் முதல் மாடி. வந்தது. மூன்றாம் நாளும் வந்தது. நாலாம் நாள் மூன்றாம் மாடிக்காரர்கள் விலகி நிற்க, வட்டம் கோர்த்து நின்ற எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, லேசான முழங்கால் வலியைத் தவிர எதுவும் வரவில்லை. எல்லோர் தலையும் மெதுவாக மூன்றாம் மாடிக்காரர்கள் பக்கம் திரும்பியது.

"என்னைப் பார்க்காதீங்க," என்றார் லூர்து டீச்சர். "எனக்குப் பல்லு மட்டும்தான்."

ஐந்தாம் நாள் மூன்றாம் மாடியின் பன்னிரண்டு வீட்டாரை மட்டும் நிறுத்தி, திருமூர்த்தி ஒவ்வொருவராகக் கோர்த்தார். கைகள் தடையில்லாமல் இருக்க வேண்டும், யார் கையிலும் எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் ரெஹானா, தூங்கிப்போயிருந்த குழந்தையை ஒரு பாயில் கிடத்திவிட்டு வந்து நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆட்கள் சேர்ந்துகொண்டே போக, டீச்சர் சேர்ந்து, ரெஹானா சேர்ந்து, கடைசி ஆளும் சேர்ந்த பிறகும் வயிற்றுவலி வரவில்லை. பன்னிரண்டு வீட்டிலும் இல்லை என்றால் அந்த வலி யாருடையது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. பூனை என்று நினைத்தார்கள். பாயில் தனியாகக் கிடந்த ஜைனப், கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவக்க, அழுதுகொண்டிருந்தாள்.

"அட, பாப்பா அழுகுது!" என்று யாரோ வியந்தார்கள்.

ரெஹானா இடது கையை டீச்சர் கையிலிருந்து எடுக்காமலே குனிந்து, வலது கையால் குழந்தையை அள்ளி இடுப்பில் வைத்தாள். குழந்தை அழுகையை நிறுத்தியது. அதே நொடியில் மூன்றாம் மாடி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தது.

திருமூர்த்தி அவள் அருகே போனார்.

"அம்மிணி, பாப்பாவைக் குடு. எல்லாரும் கையை விட்டுருங்க. ஆரும் என்னைத் தொட வேண்டாம்."

குழந்தையை வாங்கினார். நூறு பங்கு இல்லை, பன்னிரண்டு பங்கு இல்லை. இருவருக்கு நடுவே பாதிக்குப் பாதியாக அந்த வலி அவர் வயிற்றில் இறங்கியபோது ஐம்பத்தாறு வயசு ஆள் மண்டியிட்டு உட்கார்ந்தார். இந்தப் பாதியை வைத்துக்கொண்டா இது சிரித்தது? பிறகு ருசி வந்தது. குழந்தையின் நாக்கிலிருந்து அவர் நாக்குக்கு, முதலில் காசு, அதன் பின்னால், தெளிவாக, வேறு எதுவென்றும் சொல்ல முடியாதபடி, பழம்புளி.

"தினமும் பால் பவுடரை எதுல கலக்கறே?"

"முதல் தண்ணியிலதான் அங்கிள். சங்கத்துல சொன்ன மாதிரி. நல்லாக் கொதிக்க வெச்சு, சுண்டக் காய்ச்சித்தான்." அவள் குழந்தையைப் பார்த்தாள். "ஏன் அங்கிள்? கொதிக்க வெச்சா எல்லாம் செத்துடும்ல?"

கிருமி சாகும். செம்பு சாகாது. சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். இதை அவளிடம் சொன்னார். அடுத்ததை எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"தொட்டியில புளி கரைச்சு ஊத்தறேன். மார்கழி மாசத்துல இருந்து. மாசாமாசம். நான்தான்."

"எத்தனை கிலோ?" என்று கேட்டார் வரதராஜுலு. அந்த நேரத்தில் அவருக்கு வேறு கேள்வி வரவில்லை.

ரெஹானா குழந்தையை அவர் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "எம்புள்ள அழவே இல்லையே," என்று யாரிடமோ போலச் சொன்னாள். "எல்லாரும் தூக்குனீங்க. யாருக்குமா தெரியல? நானும்தானே இடுப்புலயே வெச்சிருந்தேன், எனக்குமா தெரியல?" பிறகு செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள். யாரோ காரை எடுத்தார்கள்.

மற்றவர்கள் அங்கேயே நின்றார்கள். லூர்து டீச்சர் தயங்கித் தயங்கி, "பாப்பாவுக்கு மட்டும் கேன் தண்ணி வாங்கிக் குடுத்துட்டா?" என்று ஆரம்பித்தார். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் உடனே படவில்லை. பெரியவர்கள் தாங்குவார்கள், புளியைப் பாதியாகக் குறைக்கலாம் என்று இன்னொரு குரல் சொன்னது. எல்லோரும் துளசிமணியின் விரல்களைப் பார்த்தார்கள். திருமூர்த்தியும் பார்த்தார். தானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

துளசிமணி ஓரத்து நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள்.

"ஏனுங்க, போய் வால்வை மூடுங்க."

"துளசி..."

"மொத நாள் உங்க கையைப் புடிச்சப்பவே எனக்கு நாக்குல புளிச்சுதுங்க. அப்புறம் அமாவாசைக்கு அமாவாசை புளிச்சுது. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா? பொத்தான் போட முடியுதேன்னு நானும் வாயை மூடிட்டு இருந்தேன்." அவள் கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க, நானே மூடறேன். விரல் நல்லா இருக்கறப்பவே மூடிப்போடறேன்."

அவர் சாவியைக் கொடுக்கவில்லை. இரண்டு பேருமாக மொட்டைமாடி ஏறினார்கள். வால்வின் சக்கரத்தில் அவர் கை வைக்க, அவர் கை மேல் அவள் கை வைக்க, இரண்டு வாயிலும் புளிக்க, திருகி மூடினார்கள். பிறகு வடிகாலைத் திறந்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் விட மனசு வராத இருபதாயிரம் லிட்டர், பச்சை பூத்து, சாக்கடையில் போயிற்று.

குழாய்களை மாற்ற இரண்டு மாதம் பிடித்தது. அறுத்துப் போட்ட செம்புத் துண்டுகளைத் திருமூர்த்தி எடுத்து உள்ளே பார்த்தார். களிம்பு இல்லை, பளபளவென்று இருந்தது, சுவர் மட்டும் ஓலை போல மெலிந்திருந்தது. செம்பைச் சுத்தம் செய்யத்தான் போனோம், சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். களிம்பு எங்கே இருந்தது என்று கேட்டுக்கொண்டபோது, அந்தக் கேள்வியையும் ஒரு அலங்காரமாகத்தான் வைத்துக்கொள்கிறோமோ என்று சந்தேகம் வந்து, துண்டைக் கீழே போட்டார்.

அந்த ஓட்டம் ஒரே நாளில் போகவில்லை. முதலில் ருசி போயிற்று, பிறகு சூடும் குளிரும், கடைசியில் வலி. ஆவணியில் ஒரு சாயங்காலம் முப்பது பேர் வட்டமாகக் கை கோர்த்துக் கால் மணி நேரம் நின்றார்கள், எதுவும் வரவில்லை, வியர்வை மட்டும் இருந்தது. யாரோ சிரித்தார்கள். கலைந்து போனார்கள். மேயப் போன மாடுகள் அந்தியில் அவையவை கட்டுத்தறி தேடி வருகிற மாதிரி வலிகள் உரியவர்களிடம் திரும்பின. லூர்து டீச்சர் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்.

ஜைனப் இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். செம்பு ஈரலைத் தொட்டுவிட்டது, ஆனாலும் நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார்களாம் டாக்டர்கள். திரும்பி வந்தவள் எலும்பும் தோலுமாக இருந்தாள், ஆனால் அழுதாள். பசிக்கு ஒரு அழுகை, தூக்கத்துக்கு ஒரு அழுகை, சும்மா ஒரு அழுகை. அவள் அழும்போதெல்லாம் படியில் போகிறவர்கள் ஒரு கணம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். ரெஹானா திருமூர்த்தியிடம் பேசுவதில்லை. எதிரே வந்தால் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கடந்து போனாள். அது நியாயம்தான் என்று அவர் நினைத்தார். நியாயம் என்று நினைப்பது தன்னைச் சுலபமாக விட்டுவிடுவதற்கு இன்னொரு வழியோ என்றும் நினைத்தார்.

புரட்டாசி முதல் வாரம் ஒரு சாயங்காலம், ஆறு மணிக்கு, பழக்க தோஷத்தில் துளசிமணியின் கையைப் பிடித்தார். விரல்கள் மறுபடி இஞ்சியாகியிருந்தன. அவருக்கு ஒன்றும் வரவில்லை. அந்தக் கையில் என்ன நடக்கிறது என்று வெறும் தோலை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"வலிக்குதா?"

"ம்."

"எப்படி வலிக்குது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம், வலி வந்து பதினோரு வருஷம். அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. ஆறு மாதம் நூறில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, தெரிந்துவிட்டது என்று இருந்துவிட்டார்.

"நெசமாத்தான் கேக்கறீங்களா, சும்மா பேச்சுக்கா?"

"நெசமாத்தான்."

"அப்பச் செரி, உக்காருங்க. ஒரே வலியில்லீங்க இது, விரலுக்கு ஒண்ணு. சுண்டுவிரல்ல இருந்து சொல்றேன்." அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "இது காலையில மட்டும் வலிக்கும். கயித்துக் கட்டில்ல கயித்தை இழுத்துக் கட்டற மாதிரி..."

மேலே ஜைனப் அழத் தொடங்கினாள். இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பசி அழுகை. அது அடங்கும் வரை காத்திருந்துவிட்டு அவள் தொடர்ந்தாள். கயிறு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிச்சு விழுகிறது, வெந்நீரில் வைத்தால் எவ்வளவு தளரும் என்று அவர் குறுக்கே கேட்டுக்கொண்டே இருந்தார். சுண்டுவிரல் முடிந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து ஓடிப் போய் அணைத்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி திரும்பி வந்து, அவள் எதிரே உட்கார்ந்தார்.

"மோதிர விரல்," என்றார்.